முதல் ரிமோட் விமானம்: எஞ்சினைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பெரம்பூரில் 1955 முதல் இயங்கிவரும் ரயில் பெட்டித் தொழிற்சாலை, சற்றுத் தள்ளி லோகோ பணிமனை. வட சென்னையில் எஞ்சினை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அதனால் இங்கே ஒரு கல்லூரி மாணவனுக்கோ பணி ஓய்வு பெற்ற ஃபிட்டருக்கோ ரிமோட் விமானத்தின் மீது ஆசை வந்துவிட்டால், "அண்ணா, எந்த எஞ்சின் வாங்கலாம்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. எத்தனை சிசி, எவ்வளவு சுற்று, என்ன எரிபொருள் என்று பேச்சு அதையே சுற்றிவருகிறது. விமானத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கே பறக்கவிடப் போகிறோம் என்பது முதலில் முடிவாக வேண்டும். அங்கே அடிக்கும் காற்றுக்கு ஏற்ற இறக்கை, அந்த இறக்கை தாங்கும் எடை, அந்த எடையை இழுக்கும் விசை என்று ஒன்றிலிருந்து ஒன்றாக வந்தால், எஞ்சின் கேள்விக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும். வட சென்னையின் நிலத்தையும் காற்றையும் சட்டத்தையும் வைத்துப் பார்த்தால், அந்த விடை பெரும்பாலும் ஒரு சிறிய மின் மோட்டாராகத்தான் இருக்கும்.

பழைய ஏரோமாடலிங் கையேடுகள் இப்படிச் சொல்வதில்லை. அவை ஒரே குரலில் '40 அளவு ட்ரெயினர்' என்ற பயிற்சி விமானத்தை வாங்கச் சொல்லும். 40 என்பது 0.40 கன அங்குலம், அதாவது சுமார் 6.5 சிசி. ஒன்றரை மீட்டர் இறக்கை, பால்சா மரக் கட்டமைப்பு, ஏறத்தாழ இரண்டரை கிலோ எடை, மூக்கில் ஜப்பானின் ஓ.எஸ். போன்ற நிறுவனம் தயாரித்த க்ளோ எஞ்சின். அந்தக் காலத்துக்கு அது சரியான அறிவுரை. அன்றிருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒரு கிலோவுக்கு 40 முதல் 60 வாட்-மணி ஆற்றலைத்தான் தந்தது. மின் விமானம் தன் பேட்டரியைத் தூக்கவே திணறியது. 2000-க்குப் பிறகு லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இன்று 180 கிராம் எடையுள்ள ஒரு பேட்டரியில் 24 வாட்-மணி அடங்குகிறது. கிலோவுக்குக் கணக்கிட்டால் பழையதைப் போல இரண்டரை மடங்கு. கையேடுகளின் அறிவுரை மட்டும் வாய்வழியாக இன்னமும் புழங்கிக்கொண்டிருக்கிறது.

க்ளோ எஞ்சின் அழகான பொருள் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அதில் தீப்பொறி பிளக் கிடையாது. பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றுதான் உண்டு. 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த உத்தி இது. ஒன்றரை வோல்ட் செல்லால் அந்தச் சுருளைச் சிவக்கச் சூடேற்றிப் புரொபெல்லரைச் சுழற்றிவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிறகு செல்லைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வேதிவினையும், அழுத்தத்தில் பிறக்கும் சூடும் சேர்ந்து கம்பியை அணையாமல் கனலவைக்கின்றன. ஒரு பழைய எஞ்சினைக் கையில் எடுத்துப் பாருங்கள். எரிந்த விளக்கெண்ணெய் பழுப்பு வார்னிஷாகச் சிலிண்டரில் படிந்திருக்கும். புரொபெல்லரை மெல்லத் திருப்பினால் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் ஒரு இறுக்கம் விரலுக்குத் தெரியும். அந்த இறுக்கம் இருந்தால் எஞ்சினுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று பொருள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் தேய்ந்துவிட்டது. பட்டறையில் வளர்ந்தவர்களுக்கு இதில் மனம் போவது இயல்பே.

ஆனால் அதன் எரிபொருளில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு மெத்தனால் இருக்கும். மீதியில் விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ ஐந்தில் ஒரு பங்கு வரை, கொஞ்சம் நைட்ரோமீத்தேன். தமிழ்நாட்டில் மெத்தனால் பெயின்ட் கடையில் தின்னர் வாங்குவதுபோல வாங்கிவரும் பொருள் இல்லை. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டீநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் விதிகளின் கீழ் அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் தேவை. இந்தக் கட்டுப்பாடு காரணமில்லாமல் இருக்கவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். பார்க்கத் தண்ணீர் போலிருக்கும் திரவம் அது. சிறிதளவு உள்ளே போனாலும் பார்வையைப் பறிக்கும். எரியும்போது பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில், இப்படிப்பட்ட ஒன்றைப் புட்டியில் அடைத்துவைப்பது ஒரு பொழுதுபோக்குக்காக ஏற்கத் தகுந்த ஆபத்து இல்லை. உரிமம் உள்ளவர்களிடம் ஒழுங்காக எரிபொருள் பெறும் அமைப்போ பயிற்சிக் குழுவோ உடன் இருந்தால் அது வேறு. தனியாகத் தொடங்குபவர் க்ளோ எஞ்சினைத் தொட வேண்டாம்.

எரிபொருளை ஒதுக்கிவைத்தாலும் எடை என்ற கேள்வி இருக்கிறது. இரண்டரை கிலோ விமானம் மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்து மோதினால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 350 ஜூல். 800 கிராம் விமானம் மணிக்கு 36 கிலோமீட்டரில் மோதினால் 40 ஜூல். ஒன்பது மடங்கு வித்தியாசம். கற்றுக்கொள்பவரின் விமானம் மோதத்தான் போகிறது. கள்ளிச் செடியிலோ, வரப்பிலோ, தப்பித்தவறி ஒரு மனிதர் மீதோ அது விழும்போது இந்த ஒன்பது மடங்கு என்னவென்று புரியும். நாற்பது ஜூலில் தெர்மோகோல் மூக்கு நசுங்கும். ஒட்டிவிட்டு அன்று மாலையே பறக்கலாம். முந்நூற்றைம்பதில் பால்சா உடல் சுக்குநூறாகும்.

அடுத்து காற்று. சென்னையில் கோடைக்காலத்தில் காலை வேளை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நிலம் சூடேறச் சூடேற, முற்பகல் கடந்ததும் கடற்காற்று உள்ளே நுழையும். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் மாடியில் காற்றாடி விட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காற்றாடிக்கு உதவும் அதே காற்று, கற்றுக்குட்டியின் விமானத்துக்குப் பகை. எப்படியென்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1.2 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு இறக்கையின் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். விமானம் மொத்தம் 800 கிராம் என்றால் ஒரு சதுர டெசிமீட்டர் சுமப்பது 33 கிராம். இந்தச் சுமைக்கு விமானம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டருக்குக் கீழே போனால் தூக்குவிசை போதாமல் விழுந்துவிடும். ஆகவே 35, 40 கிலோமீட்டரில் நிதானமாகப் பறக்கலாம். இப்போது கிழக்கிலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் கடற்காற்று அடிக்கிறது என்று வையுங்கள். காற்றை எதிர்த்துப் பறக்கும்போது தரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்கு விமானம் 15, 20 கிலோமீட்டரில் ஊர்வதாகத் தெரியும். திருப்பியதும் அதே விமானம் 60 கிலோமீட்டரில் பாயும். புதியவர் மிரண்டு மோட்டாரின் விசையைக் குறைப்பார். விமானத்துக்குத் தரையின் வேகம் பொருட்டில்லை. காற்றோடு ஒப்பிட்ட வேகம் 25-க்குக் கீழே போனதும் அது தலைகுப்புற விழும். குறைக்காமல் விட்டாலும் சில நொடிகளில் மணலி திசையில் புள்ளியாகிவிடும். முதல் விமானங்களில் பல இப்படித்தான் தொலைகின்றன. எஞ்சின் வலிமை இதில் எந்த உதவியும் செய்யாது. காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டு வீடு திரும்புவது உதவும்.

அதே இறக்கையில் கனமான பேட்டரியும் பெரிய மோட்டாரும் ஏற்றி எடையை 1,400 கிராமாக்கினால் விழுவேகம் 33-க்கு ஏறிவிடும். நிதானமாகப் பறக்க 45, 50 தேவைப்படும். யோசிக்கக் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையும். 'கொஞ்சம் பெரிய மோட்டாராகவே போட்டுவிடுவோம்' என்ற எண்ணம் புதியவரை இப்படித்தான் காவு வாங்குகிறது.

விமானத்தின் உருவத்தைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. இறக்கை உடலின் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் அகன்ற V போல இரு நுனிகளும் மேல்நோக்கி இருக்க வேண்டும். காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தால், ரிமோட்டின் கட்டுப்பாட்டுக் குச்சியை விட்டுவிட்டாலே மெல்ல நிமிர்ந்துகொள்ளும் இயல்பு இதனால் வருகிறது. இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் வளைந்தும் இருந்தால் குறைந்த வேகத்திலும் தூக்கும். புரொபெல்லர் மூக்கில் இல்லாமல் இறக்கைக்குப் பின்னால் இருக்கும் வகை முதல் விமானத்துக்கு இன்னும் நல்லது. மூக்கு குத்தினாலும் மோட்டார் தப்பிக்கும். இடம் வலம் திருப்பும் சுக்கான், மூக்கை ஏற்றி இறக்கும் ஏற்றத் தகடு, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை என்று மூன்று கட்டுப்பாடுகள் போதும். போர் விமான உருவங்கள் கடைக் கண்ணாடிக்குள் எவ்வளவு அழைத்தாலும், அவை சாய்ந்தால் சாய்ந்தபடியே போகும். அவற்றுக்கு வேறொரு நாள் வரும்.

இறக்கை இரண்டாகக் கழல வேண்டும் என்பதை நான் கட்டாயமாக வைப்பேன். நம்மில் பலர் பைக்கில் போகிறவர்கள், அல்லது கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போகிறவர்கள். ஒன்றரை மீட்டர் இறக்கையை ஒரே துண்டாகத் தூக்கிக்கொண்டு காலை ரயிலில் ஏற முடியாது. மைதானத்துக்குப் போவதே சிரமமானால் பழக்கம் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

உடல் எதனால் ஆனது? தொழிற்சாலையில் வார்த்த நுரை விமானம் வாங்கலாம். கையால் செய்பவர்களுக்கு விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் சன்பேக் ஷீட் இருக்கிறது. தட்டி எழுதும் கடைகளில் மீந்த துண்டுகளே ஒரு விமானத்துக்குப் போதும். அடிபட்டாலும் உடையாமல் வளையும், மழையில் ஊறாது; எடைதான் சற்றுக் கூடுதல். தெர்மோகோல் அதைவிட லேசானது, ஆனால் ஃபெவிக்விக் வகைப் பசை பட்டால் உருகிக் குழிவிழும். சூட்டுப் பசைத் துப்பாக்கியும் அகலமான ஒட்டு நாடாவும் போதுமானவை. மணலில் தரையிறக்குவதாக இருந்தால் சக்கரமே வேண்டாம். 800 கிராம் விமானத்தைக் கையால் எறிந்து ஏற்றலாம், வயிற்றில் இறக்கலாம். இரண்டரை கிலோ ட்ரெயினருக்கு வழவழப்பான ஓடுதளம் தேவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்டுப் பிறகு கார்ப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற சோழவரம் விமானத் தளத்தைப் போன்ற ஒன்று எல்லோருக்கும் வாய்க்காது.

இவ்வளவு முடிவான பிறகு மோட்டாருக்கு வருவோம். கடைக்காரர் '2212, 1000 கேவி' என்பார். முதல் எண்ணில் 22 என்பது உள்ளே கம்பி சுற்றிய பகுதியின் விட்டம், 12 அதன் உயரம், இரண்டும் மில்லிமீட்டரில். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. மூன்று செல் பேட்டரியின் 11.1 வோல்ட்டில் சுமையில்லாமல் அது 11,100 சுற்று சுற்றும். கேவி கூடினால் வலிமை கூடும் என்று நினைப்பது பரவலான தவறு. அதிக கேவி, சிறிய புரொபெல்லரை வேகமாகச் சுற்றும். வேக விமானத்துக்கு உகந்தது. குறைந்த கேவி, பெரிய புரொபெல்லரை நிதானமாகச் சுற்றும். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு அதுவே நல்ல இழுவை. பத்து அங்குலப் புரொபெல்லரோடு இந்த மோட்டார் 800 கிராம் விமானத்தைத் தாராளமாக மேலே ஏற்றும். பின்புறம் புரொபெல்லர் உள்ள வடிவத்தில் பத்து அங்குலத்துக்கு இடம் இராது. அங்கே எட்டு அங்குலமும் 1400 கேவியும் பொருந்தும். எப்படியும் விமான எடையில் முக்கால் பங்கு இழுவிசை இருந்தால் ட்ரெயினருக்கு அது நிறைவு. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி 30 ஆம்பியர் இருக்கட்டும். மோட்டார் அதில் பாதி அளவைத்தான் இழுக்கும். சென்னை வெயிலில் அந்த மிச்ச இடம் அவசியம்.

2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, சராசரியாக 8 ஆம்பியர் இழுத்தால், ஐந்தில் நான்கு பங்கைச் செலவழிக்கும் வரை சுமார் 13 நிமிடம் பறக்கலாம். முழுவதையும் உறிஞ்சக் கூடாது. ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3.5-ஐ நெருங்கும்போது இறக்கிவிட வேண்டும். எடுத்துவைக்கும்போது 3.8-இல் வையுங்கள். சார்ஜ் ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். துணி, மெத்தை, மரம் எதுவும் இல்லாத தரையில் வைத்து, 2.2 ஆம்பியருக்கு மேல் போகாமல் ஏற்ற வேண்டும். அடிபட்டு உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தவே கூடாது. மே மாதத்தில் பைக்கின் பெட்டிக்குள் விட்டுச் செல்வதும் கூடாது. மெத்தனாலை ஆபத்து என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ரேடியோவில், அதாவது கையில் பிடித்து விமானத்தை இயக்கும் ரிமோட்டில், சிக்கனம் வேண்டாம். விமானம் போகும், மோட்டார் போகும், ரேடியோ பல ஆண்டு நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆறு சேனல் ரேடியோ போதும். விசைக் குச்சி இடக்கையிலா வலக்கையிலா என்பதை, உங்களுக்குக் கற்றுத்தரப் போகிறவரின் பழக்கத்தைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். வாங்கிய வாரமே அதைக் கணினியோடு இணைத்து சிமுலேட்டரில் பழகுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும் என்பதுதான் எல்லோரையும் வீழ்த்தும் சிக்கல். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ளினால் விமானம் நிமிரும். இது விரலில் படிந்த பிறகு மைதானத்துக்கு வாருங்கள்.

மைதானம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வட சென்னையில் கிடைப்பது கடினம். திருவொற்றியூர் தொடங்கி எண்ணூர் வரை கடற்கரையில் பல இடங்களில் அரிப்பைத் தடுக்கும் பாறைகள். மணலும் உப்புக் காற்றும் மோட்டாரின் பேரிங்கைச் சீக்கிரம் அரிக்கும். காசிமேட்டிலும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சுற்றியும் பருந்துகள் வட்டமிடும். அதைவிட முக்கியமானது, துறைமுகங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டு அனல் மின் நிலையம், உயர் அழுத்த மின் கோபுரங்கள் ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது என்பது. அங்கே விமானம் விழுந்தால் அது விளையாட்டாகப் பார்க்கப்படாது, பார்க்கப்படவும் கூடாது.

சட்டத்தின் பார்வையில் உங்கள் நுரை விமானமும் ஆளில்லா விமானமே. 2021 ஆகஸ்ட் மாதம் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்து வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. வணிக நோக்கமில்லாமல் மைக்ரோ வகையை இயக்க, ரிமோட்டைப் பிடித்து இயக்குபவருக்கு உரிமம் தேவையில்லை என்று அவ்விதிகள் சொல்கின்றன. நாம் பேசும் 800 கிராம் அதற்குள் அடங்கும். இரண்டரை கிலோ '40 அளவு ட்ரெயினர்' அடுத்த வகைக்குத் தாவிவிடும். வான்பரப்பும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி தேவை. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி. போகப்போகும் இடம் எந்த நிறம் என்பதை அரசின் வான்பரப்பு வரைபடத்தில் பார்ப்பதும், பதிவு தொடர்பாக அன்று நடப்பிலுள்ள விதியைப் படிப்பதும், உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் பறப்பதற்கு முந்தைய நாள் வேலை. என் விருப்பம் மீஞ்சூர், பொன்னேரி தாண்டி அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும் வயல்கள். நில உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு இறங்குங்கள். வைக்கோல் தாள்கள் நிற்கும் வயலில் விமானம் மெத்தென்று விழும்.

பறக்கவிடும் முன் ஒரே ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். பேட்டரியோடு சேர்த்து, இறக்கையின் முன் விளிம்பிலிருந்து ஐந்தரை, ஆறு சென்டிமீட்டர் உள்ளே இரு பக்கமும் ஆள்காட்டி விரல் நுனியை வைத்து விமானத்தைத் தூக்குங்கள். மேலே சொன்ன 20 சென்டிமீட்டர் இறக்கைக்கான கணக்கு இது. விமானம் மட்டமாக, அல்லது மூக்கு இம்மி தாழ்ந்து நின்றால் சரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், வால் கனத்தது கட்டுக்கே வராது. மேசையில் மோட்டாரைச் சோதிக்கும்போதெல்லாம் புரொபெல்லர் கழற்றியிருக்க வேண்டும். மின் மோட்டார் விரல் பட்டால் நின்றுவிடாது, இன்னும் இழுக்கும்.

இந்த விமானத்தை எட்டு வடிவில் சுற்றவும், நினைத்த இடத்தில் இறக்கவும் பழகிய பிறகு, இறக்கையில் தனித் தகடுகள் உள்ள நான்கு கட்டுப்பாட்டு விமானத்துக்கு மாறலாம். ரேடியோ, சார்ஜர், பல நேரம் மோட்டாரும் அப்படியே புதியதற்குப் பொருந்தும். எஞ்சின் ஆசை அப்போதும் விடாமல் இருந்தால், பங்க் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து ஓடும் 10 முதல் 20 சிசி வரையிலான சிறு பெட்ரோல் எஞ்சின்கள் இருக்கின்றன. மெத்தனால் தொல்லை அவற்றில் இல்லை. அவற்றைத் தாங்கும் விமானம் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், அதை வாங்கும் முன் உரிமத்துக்கான பயிற்சியையும், ஓடுதளம் உள்ள ஒரு குழுவையும் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.